கால் மணி தூரம்

செண்பகவல்லியின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இல்லை என்று கழுகுமலை ஜோசியர் அடித்துச் சொன்ன பிறகுதான் அவளைப் பூவநாதனுக்குப் பேசி முடித்தார்கள். தோஷம் இல்லாதது என்னவோ வாஸ்தவம்தான். ஆனால் கட்டிக்கொண்டவன் இப்போது செவ்வாயிலேயே போய் உட்கார்ந்திருக்கிறான். இதற்கு என்ன பரிகாரம் என்று எந்த ஜோசியரிடம் போய்க் கேட்க?

கோவில்பட்டியிலிருந்து வெளியே ஆள் அனுப்புவது ஒன்றும் புதிசில்லை. ஒரு காலத்தில் துபாய்க்குப் போனார்கள், அப்புறம் சிங்கப்பூர், இப்போது செவ்வாய். அங்கே மனிதர்கள் குடியிருக்கக் கூண்டு கூண்டாகக் கட்டுகிறார்கள். காற்று ஒரு பொட்டு வெளியே போகக் கூடாது என்பதால் நல்ல வெல்டருக்குக் கொள்ளை மவுசு. தெருவுக்கு ரெண்டு பேர் போயிருக்கிறார்கள். "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டால் வீட்டுக்காரர்கள் மேலே கையைக் காட்டுவார்கள். வெளியூர்க்காரர் பதறிப்போய் "எப்ப தவறினாரு?" என்பார். அவரை உட்கார வைத்து விளக்கிச் சொல்ல வேண்டும்.

பூவநாதன் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. திரும்பி வர மூன்று வருடம். அதுவரைக்கும் அவனோடு எப்படிப் பேசுவது என்பதைச் செண்பகம் இன்றைக்குள் முடிவு செய்தாக வேண்டும். தொடுவானம் செல்லுலார் கம்பெனி ரெண்டு விதமான பிளானை ஒரு மாதம் இலவசமாகக் கொடுத்திருந்தது. இன்றோடு இலவசம் முடிகிறது. ஒன்றை எடுத்தால் இன்னொன்று கிடையாது. எடுத்ததை அவன் வரும்வரை மாற்றவும் முடியாது. கத்திரிக்காயைக்கூட அமுக்கிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைத்துவிட்டு வரலாம். இந்தக் கம்பெனிக்காரர்களிடம் அந்தப் பேச்சே கிடையாது.

மெயின் ரோட்டில் இருக்கும் கம்பெனிக் கடைக்குள் அவள் நுழைந்தபோது நல்ல வெயில். கடையில் எஸ்தர் மட்டும்தான் இருந்தாள். எஸ்தரின் கணவர் அற்புதராஜ், ஊரிலிருந்து முதல் கும்பலில் செவ்வாய்க்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர். அதனால் அந்தக் கடையில் செவ்வாய்க் குடும்பங்களுக்கெல்லாம் பதில் சொல்வது எஸ்தர்தான்.

"வா செண்பகம். முடிவு பண்ணிட்டியா?"

"முடிவு பண்ணியிருந்தா மூஞ்சி இப்பிடியா இருக்கும்?"

செண்பகம் கொண்டுவந்திருந்த ரெண்டு போன்களையும் எஸ்தர் சிரித்துக்கொண்டே வாங்கிக் கண்ணாடி மேசை மேல் வைத்தாள். ஒன்று கறுப்பு, மெலிசு, தடவிப் பார்க்கவே ஆசையாக இருந்தது. மற்றது தடித்தடியாக, பொத்தான் எல்லாம் வைத்து, யாரோ வேண்டாவெறுப்பாகச் செய்து அனுப்பியது போல இருந்தது.

"இது உடன் பேச்சு. இது நேர் பேச்சு. உடன் பேச்சு எடுத்தா இந்தக் கறுப்புப் போனு சும்மாவே கெடைக்கும்."

"இன்னொரு தடவை வெவரமாச் சொல்லுங்கக்கா. ஒரு மாசமா ரெண்டுலயும் பேசுதேன், ஆனா என்ன நடக்குதுன்னு முழுசாத் தலையில ஏறல."

எஸ்தருக்கு இது மனப்பாடம். "செவ்வாய் ரொம்பத் தூரம். நீ இங்க 'என்னங்க'ன்னா அது அவருக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம். அவரு 'என்னட்டி'ன்னா அது இங்க வரக் கால் மணி. அதுக்கு மேல வேகமா அனுப்ப எந்தக் கம்பெனியாலயும் முடியாது, வெளிச்சத்துக்கே அவ்வளவு நேரம் ஆகுது. நேர் பேச்சுன்னா அப்படித்தான். பேசிட்டு அரை மணி நேரம் காத்துக் கெடக்கணும்."

"உடன் பேச்சு?"

"அதுல காத்திருக்கவே வேண்டாம். அவரு எப்படிப் பேசுவாருன்னு படிச்சு வச்ச ஒரு மாதிரி, அவரு நகல்னு வச்சுக்கோ, இந்தப் போனுக்குள்ள இருக்கு. நீ கேட்ட உடனே அவரு குரல்ல அது பதில் சொல்லும். அங்க அவரு போனுக்குள்ள உன் மாதிரி இருக்கும். தெனமும் நீ பேசினதோட சாரம் அங்க போகும், அவரு பேசினதோட சாரம் இங்க வரும். ரெண்டு மாதிரியும் அதுக்குத் தக்கனத் தன்னைத் திருத்திக்கிடும். அங்க அவருக்குச் சளி பிடிச்சா மறுநாள் இந்தப் போனும் இருமும்."

"அப்ப அவுக நெசக் குரலை நான் கேக்கவே மாட்டேன்."

"மாட்ட. உன்னதை அவரும் கேக்க மாட்டாரு. ஆனா நாலு நாள் பேசினா அந்த நெனப்பே வராது."

"ஆபத்து அவசரம்னா?"

"முக்கியமான சேதி நேரா வந்துரும்."

"எது முக்கியம்னு யாரு சொல்லுவா?"

"போனுதான்," என்றாள் எஸ்தர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

இவ்வளவு கேட்ட பிறகு இதில் யோசிக்க என்ன இருக்கிறது, நிஜப் புருஷனை விட்டுவிட்டுப் பொம்மையோடு எவளாவது பேசுவாளா என்று உங்களுக்குத் தோன்றும். செண்பகத்துக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அந்த ஒரு மாதம்தான் அவளைக் கெடுத்தது.

நேர் பேச்சில் அவள் மூச்சு விடாமல் நாலு விஷயம் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். அரிசி களைவாள், உலை வைப்பாள், காது மட்டும் போனிலேயே இருக்கும். அரை மணி கழித்துப் போன் அடிக்கும். "ம்" என்பான் பூவநாதன். "இங்க ஒரே குளிரு. வேலை சாஸ்தி. சரி." அவ்வளவுதான். அந்தச் "சரி"க்குத்தான் அவள் அரை மணி நேரம் தவம் கிடந்திருக்கிறாள். எரிச்சல் வருமா வராதா?

உடன் பேச்சில் முதல் நாள் அவள் கூச்சத்தோடு "என்னங்க" என்றுதான் சொன்னாள்.

"சொல்லுங்க. குரல் கொஞ்சம் கம்முது, தலைக்குக் குளிச்சீங்களா?" என்றது போன்.

செண்பகம் போனைக் கட்டில் மேல் போட்டுவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள். அவன் அவளை வாங்க போங்க என்று பேசி மூன்று வருடமாகிறது. அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவர்களுக்குத் தை மாதம் நிச்சயம் ஆனது. பங்குனியில் வைத்திருந்த கல்யாணம், அவன் சித்தப்பா தவறிப்போனதால் ஆவணிக்குத் தள்ளிப்போனது. அந்த ஏழு மாதமும் ரெண்டு பேரும் போனிலேயே குடும்பம் நடத்தினார்கள். அவன் அப்போது என்னமாய்ப் பேசினான். அவள் கட்டியிருக்கும் சேலை நிறம் கேட்பான். கேட்டு, அதற்கு ஒரு வார்த்தை சொல்வான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அம்மா அடுப்படியிலிருந்து "அங்க என்ன இளிப்பு?" என்பாள். கல்யாணம் ஆனதும் போனில் பேச என்ன இருக்கிறது? வரும்போது பால் வாங்கிட்டு வாங்க. கேஸ்காரன் வந்தானா. மோட்டார் ஓடல. பூவநாதன் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்ட மாட்டான், கேட்டதை வாங்கித் தருவான். பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. போனில் பேசியவனை யாரும் கடத்திக்கொண்டு போகவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டே அவன் காணாமல் போய்விட்டான். அவனைத் தேடி எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது என்று தெரியாமல் மூன்று வருடம் ஓட்டிவிட்டாள் செண்பகம்.

மாதிரி செய்யும் மெஷினுக்குப் பழைய பேச்சு வேண்டியிருந்தது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். "கல்யாணத்துக்குப் பொறவு நீங்க பேசினதையெல்லாம் மெஷின் தள்ளிருச்சு செண்பகம். அதுல பேச்சே இல்லையாம்," என்று எஸ்தர் முன்பே சொல்லியிருந்தாள். மிஞ்சியது அந்த ஏழு மாதம். அதிலிருந்துதான் கறுப்புப் போனுக்குள் இருப்பவன் எழுந்து வந்தான். அவன் மேல் அவளுக்கு இருந்த ஏக்கம் புருஷன் மேல் இருக்க வேண்டிய ஏக்கம்தானா, அடுத்தவன் மேல் இருக்கக் கூடாத ஏக்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"அவுககிட்டயே கேட்டுருதேன்," என்றாள் செண்பகம். "அங்க இப்ப ஓய்வு நேரந்தான்."

கடையில் பேசிப் பார்க்கவென்று ஒரு கண்ணாடி அறை உண்டு. தடித்த போனை எடுத்துக்கொண்டு அதற்குள் போனாள். "ஏங்க, நான் கடையில இருக்கேன். நேர் பேச்சா உடன் பேச்சா, எதை எடுக்க? எதுன்னாலும் மூணு வருசத்துக்கு. உங்களுக்கு எது வேணும்னு நெசமாச் சொல்லுங்க." வெளியே வந்து போனைக் கண்ணாடி மேசை மேல் வைத்தாள். இனி அரை மணி நேரம் இருக்கிறது. எஸ்தர் எதிர்க் கடையில் ரெண்டு டீ சொன்னாள்.

"உங்க வீட்டுல எந்தப் பிளான் எடுத்தீங்கக்கா?"

"உடன் பேச்சு."

"அண்ணன் வந்த பொறவு எப்பிடி இருந்துச்சு?"

டீ வந்து, பாதி குடித்த பிறகுதான் எஸ்தர் சொன்னாள். "வந்த அன்னைக்குக் கறி எடுத்து வச்சேன். சாப்பிட்டாரு. கம்முன்னு இருந்தாரு. நானும் கம்முன்னு இருந்தேன். போன்ல அப்பிடிப் பேசின மனுசன், என் எதுர்ல உக்காந்து கொட்டாவி விடுதாரு. பொறவு மாடிக்குப் போனாரு. கொஞ்ச நேரத்துல மேல சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தா, போன்ல என் மாதிரிகிட்டப் பேசிக்கிட்டு இருக்காரு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"கீழ வந்து நானும் என் போனை எடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் அந்தப் பிளானை நாங்க நிறுத்தல. அவரு மாடியில பேசுவாரு, நான் அடுப்படியில பேசுவேன். சண்டை சச்சரவே கெடையாது. ஊர்ல எங்களைத்தான் உதாரணம் சொல்லுதாங்க."

"அப்ப எனக்கும் ஏன் அதையே தூக்கித் தூக்கிக் காட்டுதீங்க?"

"நான் சந்தோசமாத்தான் இருக்கேன் செண்பகம்," என்றாள் எஸ்தர். "அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

மீதி டீ ஆறிப்போயிற்று. பதில் வர இன்னும் நேரம் இருந்தது. செண்பகத்தின் கை தானாகக் கறுப்புப் போனுக்குப் போனது. கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கள்ளக் காதலனுக்குப் போன் பண்ணுகிறவள் போலத் திரும்பி ஒரு தடவை எஸ்தரைப் பார்த்துக்கொண்டாள்.

"சொல்லுங்க," என்றான் அவன், எடுத்த எடுப்பில்.

"உங்களை எடுக்கவா, அவுகளை எடுக்கவா?"

அவன் சிரித்தான். அந்தப் பழைய சிரிப்பு. "இது என்ன கேள்வி? எனக்கு உங்க நெசக் குரல்தான் வேணும். அரை மணி நேரம் இல்ல, அரை நாள் ஆனாலும் காத்துக் கெடப்பேன். நேர் பேச்சே எடுங்க."

அவன் அப்படித்தான் சொல்வான். அந்த ஏழு மாதத்துப் பூவநாதன் வேறு எதைச் சொல்வான்? செண்பகத்துக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அவன் பேச்சைக் கேட்டால் அவன் போய்விடுவான். அவனை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவன் பேச்சைத் தட்ட வேண்டும். ஆனாலும் ஒரு தெம்பு வந்தது. மாதிரியே இப்படிச் சொல்கிறதென்றால் நிஜமான மனுஷனுக்கும் உள்ளே ஒரு மூலையில் அந்த ஆசை இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

தடித்த போன் அடித்தது. வெளியே ஓடி வந்து எடுத்தாள்.

"செண்பகம்," என்றது பூவநாதனின் நிஜக் குரல். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம். "உடன் பேச்சே எடுத்துரு. அதுல... நீ சிரிக்கே. வேலை முடிஞ்சு வந்து அந்தச் சிரிப்பைக் கேட்டுட்டுப் படுத்தா நல்லாத் தூக்கம் வருது. நேர் பேச்சுல நீ மோட்டார் ஓடலைங்க, கேஸ் தீந்துருச்சுங்கன்னு சொல்லுவ. அதுக்கு நான் இங்க இருந்துக்கிட்டு என்னட்டி செய்ய முடியும்? மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. அதையே எடுத்துரு. சரி."

செண்பகம் போனை மேசை மேல் வைத்தாள். பொய்யானவன் நிஜம் வேண்டும் என்கிறான். நிஜமானவன் பொய் போதும் என்கிறான். முதலில் கோபம் வந்தது. அப்புறம் வந்ததற்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை. அவள் பொறாமைப்பட்டாள். வேறு எவள் மேலோ இல்லை, தன் மேலேயேதான். தான் மட்டும்தான் ஒரு ஆளைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தாள். அந்தப் பக்கமும் ஒருத்தன் அதே வீட்டில் ஒருத்தியைத் தொலைத்துவிட்டுத் தேடியிருக்கிறான். அவனுக்கும் புகார் கொடுக்க இடமில்லை.

"என்ன சொன்னாரு?"

"உடன் பேச்சு எடுக்கச் சொல்லுதாக. அதுல நான் சிரிக்கேனாம்."

எஸ்தர் கறுப்புப் போனை அவள் பக்கம் நகர்த்தினாள். பாதி நகர்த்தியதும் கை நின்றுவிட்டது.

"அந்தப் பொண்ணை எனக்குத் தெரியும்கா," என்றாள் செண்பகம். "அவளுக்கு மோட்டார் எங்க இருக்குன்னே தெரியாது. மாமியாருக்குச் சர்க்கரைன்னு தெரியாது. அவ சிரிக்காம என்ன செய்வா? மூணு வருசம் அவகூடப் பேசிட்டு இவுக வந்து இறங்குவாக. கதவை நான் தொறப்பேன். என்னைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணு எங்கேன்னு மாடிக்குப் போவாக. வேண்டாம்கா. நேர் பேச்சு போடுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நேர் எடுத்தா மாதிரியை அழிச்சிரணும். அங்கயும் அழிஞ்சிரும். திரும்ப வராது."

"தெரியும். ஒரு தடவை பேசிக்கிடுதேன்."

இந்தத் தடவை கண்ணாடி அறைக்குப் போகவில்லை. அங்கேயே நின்று பேசினாள்.

"சொல்லுங்க," என்றான்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மான்னாலும் பேசுங்க. கேக்கதுக்குத்தான் இருக்கேன்."

"வச்சிரவா?"

"சரி, வைங்க."

"நீங்க வைங்க."

"மொதல்ல நீங்க வைங்க."

நிச்சயமான பிள்ளைகள் எல்லாரும் போனில் ஆடும் ஆட்டம்தான் இது. யார் முதலில் வைக்கிறாரோ அவருக்குப் பாசம் கம்மி என்று அர்த்தம். அந்த ஏழு மாதத்தில் ரெண்டு பேரும் ஒரு நாளும் வைத்ததில்லை. சார்ஜ் தீர்ந்து தானாக அணையும், இல்லாவிட்டால் அம்மா வந்து பிடுங்குவாள். இன்றைக்குப் பிடுங்க யாரும் இல்லை. அவனாக வைக்க மாட்டான், அது அவனுக்குத் தெரியாது. எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷோகேஸில் எதையோ அடுக்கினாள். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். போனை எஸ்தரிடம் கொடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அழிக்கிற வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு தடித்த போனை எடுத்தாள்.

"ஏங்க. நேர் பேச்சுதான் எடுத்திருக்கேன். நீங்க சொன்னதைக் கேக்கல, கோவிச்சுக்கிட்டாக் கோவிச்சுக்கிடுங்க. அந்தப் பொண்ணு இனிமே உங்ககிட்டப் பேச மாட்டா, நான்தான் பேசுவேன். மோட்டார் ஓடலைன்னா ஓடலைன்னுதான் சொல்லுவேன், வேற யாருகிட்டப் போய்ச் சொல்ல? உங்களுக்கு என் சிரிப்பு வேணும்னா ஏதாவது சொல்லுங்க. சிரிப்பு வர்ற மாதிரி சொல்லுங்க. நான் கால் மணி நேரம் கழிச்சுச் சிரிக்கேன்."

வீட்டுக்குப் போய்க் காத்திருக்கலாம். அவளுக்குக் கால் நகரவில்லை. எஸ்தர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். கடைக்கு யாரோ சார்ஜர் கேட்டு வந்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். கோபத்தில் அவன் பேசாமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று செண்பகத்துக்குப் பயம் வந்தது. மூன்று வருடமும் வெறும் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

போன் அடித்தது. காதில் வைத்தாள். வெறும் மெஷின் சத்தம்தான் வந்தது. அப்புறம் தொண்டையைச் செருமும் சத்தம். அப்புறமும் ஒன்றுமில்லை.

"என்னட்டி இப்பிடிப் பண்ணிட்ட," என்றான் கடைசியாக. மறுபடி நிறுத்தினான். "சிரிப்பு வர்ற மாதிரி பேசணும்னா எனக்கு எங்கட்டித் தெரியும்? அப்பவும் தெரியாது. இத்தனை நாளாச் சொல்லல, இப்பச் சொல்லிருதேன். நிச்சயம் பண்ணி வச்சிருந்தாங்கல்ல, அப்ப நம்ம சுடலைமுத்து மச்சான் என் பக்கத்துல உக்காந்திருப்பான். நீ பேசினதை நான் அவன்கிட்டச் சைகையில காட்டுவேன். அவன் என் காதுல சொல்லுவான். அதைத்தான் நான் உனக்குச் சொல்லுவேன். அவன் மில்லுக்கு ஷிப்டு போயிட்டான்னா எனக்கு வாயே தொறக்காது. அன்னைக்கெல்லாம் தலைவலின்னு உன்கிட்டச் சொல்லியிருக்கேன்."

சுடலைமுத்து. பொட்டு முடி இல்லாத தலையும் தொப்பையுமாகக் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டு திரிந்த சுடலைமுத்து மச்சான். அந்த ஆளுக்காகவா மூன்று வருடம் ஏங்கினாள்? அந்த ஆளிடமா இப்போது அழுது விடைபெற்றாள்?

பூவநாதன் இன்னும் முடிக்கவில்லை. "சாப்பிட்டியான்னு நடுவுல நடுவுல கேப்பேன்ல," என்றான், ரொம்ப யோசித்து. "அது மட்டும் என் சொந்தச் சரக்கு. அவன் வேண்டாம் வேண்டாம்பான், அதெல்லாம் ஒரு பேச்சாலேன்னு திட்டுவான். நான் கேக்காம விட்டதில்ல. சாப்பிட்டியா?"

அடிவயிற்றிலிருந்து புறப்பட்டது சிரிப்பு. வாயைப் பொத்தவும் தோன்றவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எஸ்தர் பதறிப்போய் வந்து தோளைப் பிடித்தாள். என்ன ஏது என்று அவளிடம் சொல்லவும் முடியவில்லை. சிரிப்புக்கு நடுவிலேயே போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், காலையிலிருந்து ஒரு டீ தவிர ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொன்னாள். சிரிப்பும் அதுவும் சேர்ந்தே கிளம்பிப் போயின. போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகும்.